மக்கள் ஓட்டு போடாத கவுன்டி

(இணைய அணிப் பயிற்சிக் கூட்டத்தில் நம் தன்னார்வலர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



உள்ளாட்சி பத்திப் பேசச் சொன்னாங்க. நான் அமெரிக்காவின் ரெண்டு குட்டி மாநிலங்களை மட்டும் எடுத்துக்கிறேன்: கனெக்டிகட், டெலவேர். அங்கே மாநிலத்துக்கும் ஊருக்கும் நடுவில் இருக்கிற அடுக்குக்குக் கவுன்டின்னு பேர். நம்ம மாவட்டம் மாதிரின்னு வச்சுக்கங்க, ஆனா கலெக்டர் கிடையாது.

கனெக்டிகட்டில் 8 கவுன்டி. ஹார்ட்ஃபோர்டு, நியூ ஹேவன், நியூ லண்டன், ஃபேர்ஃபீல்டு நாலும் 1666-லேயே உருவானவை. 300 வருஷம் ஆக ஆறு வருஷம் பாக்கி இருக்கும்போது, 1960 அக்டோபர் 1-ஆம் தேதி எட்டு கவுன்டி நிர்வாகத்தையும் கலைச்சுட்டாங்க. கவுன்டி பார்த்துக்கிட்டிருந்த சிறை, நீதிமன்றக் கட்டடம் எல்லாம் மாநில அரசு கைக்குப் போச்சு. வரைபடத்தில் கோடு மட்டும் மிச்சம்.

எப்படி இவ்வளவு சுலபமா முடிஞ்சது? 169 டவுன்கள் பள்ளிக்கூடம், ரோடு, வரின்னு பெரும்பாலான வேலையை ஏற்கனவே பார்த்துக்கிட்டிருந்தது ஒரு காரணம். எனக்கு முக்கியமாப் படுறது வேற. கவுன்டி கமிஷனர்களை மக்கள் தேர்ந்தெடுக்கல, மாநில சட்டமன்றம்தான் தேர்ந்தெடுத்தது. நாம ஓட்டே போடாத ஒரு பதவி போனா, நமக்கு என்ன வலிக்கப் போகுது?

இதே கவுன்டியில் ஷெரீஃப் பதவியைப் பாருங்க. அவரை மக்கள் ஓட்டு போட்டுத் தேர்ந்தெடுத்தாங்க, பதவி மாநில அரசியல் சட்டத்திலேயே இருந்தது. கவுன்டி போன பிறகும் அது 40 வருஷம் தாக்குப்பிடிச்சது. 2000-ல் அதை எடுக்கணும்னா மக்களிடமே வாக்கெடுப்புக்குப் போக வேண்டியிருந்தது.

நடு அடுக்கு இல்லாம ஓட்டவும் முடியல. பல ஊருக்குப் பொதுவான போக்குவரத்துத் திட்டம் மாதிரி வேலைகளுக்கு 9 மண்டல கவுன்சில்கள் இருக்கு. 2022-ல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை அந்த 9 மண்டலங்களையே கவுன்டிக்குச் சமமா ஏத்துக்கிச்சு. கவுன்சிலில் உட்காருறது அந்தந்த ஊர் மேயர்கள், டவுன் தலைவர்கள். மண்டலத்துக்காகன்னு ஓட்டுக் கேட்டு ஒருத்தரும் வீட்டு வாசலுக்கு வர்றதில்லை. 1960-க்கு முந்தின அதே கதைதான்.

டெலவேர் இதில் பாதி அளவுகூட இல்லை. அங்கே 3 கவுன்டி: நியூ காசில், கென்ட், சசெக்ஸ். மூணும் உயிரோட இருக்கு, கவுன்சில் உறுப்பினர்களை மக்களே தேர்ந்தெடுக்குறாங்க. கென்ட் கவுன்டியில் காலனி காலத்துப் பேரையே இன்னும் விடல, கவுன்சிலுக்கு 'லெவி கோர்ட்'னுதான் பேர். நகர எல்லைக்கு வெளியே எந்த நிலத்தில் என்ன கட்டலாம், கழிவுநீர், சொத்து வரி எல்லாம் இவங்க பொறுப்பு.

தேர்தல் வச்சா எல்லாம் சரியாயிடும்னு நான் சொல்ல வரல. ஓட்டுக்குப் பயந்து சொத்து மதிப்பைத் திருத்தாமலே காலம் ஓட்டியிருக்காங்கன்னுதான் எனக்குத் தோணுது. சசெக்ஸில் 1974 மதிப்பை வச்சே வரி போட்டாங்க. 2020-ல் நீதிமன்றம் தலையிட்டு, இது மாநில அரசியல் சட்டத்துக்கு விரோதம்னு சொன்ன பிறகுதான் அசைஞ்சாங்க. ஆனா யாரைக் கேள்வி கேட்கணும்னு அங்கே மக்களுக்குத் தெரியும்.

இன்னொண்ணு. 1970-ல் நியூ காசில் கவுன்டி கவுன்சிலுக்கு ஒரு வக்கீல் ஜெயிச்சார். அப்போ 27 வயசு, இங்கே உட்கார்ந்திருக்கிற பல பேர் வயசுதான். ரெண்டே வருஷத்தில் செனட்டர் ஆனார். பேரு ஜோ பைடன்.