நலம் கேட்கும் தொழில்



2021 ஆகஸ்ட் 5 அன்று, கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கப்பெற்றது. மகளிர் தன்னார்வலர்கள் வீடுதோறும் சென்று இரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவற்றை அளக்கின்றனர், மருந்தும் தருகின்றனர். ஆயினும் மருந்தோடு பழக்கமும் மாறவேண்டுமன்றோ? அம்மாற்றத்திற்குத் துணைநிற்கும் நல ஆலோசனையும் ஒரு தொழிலே. அதற்கும் பயிற்சி வேண்டும்.

அப்பயிற்சியின் முதற்பாடம், கட்டளையிடாமை. மதுப்பழக்கமுடையோரை இடித்துரைக்காமல், மாறவேண்டிய காரணத்தை அவர் வாயாலேயே சொல்லச் செய்யும் முறையை அமெரிக்க உளவியலறிஞர் வில்லியம் மில்லர் 1983இல் விளக்கினார். "சோற்றைக் குறையுங்கள்" என்பது எளிது. "காலை முதல் என்னென்ன உண்டீர்கள், அம்மா?" என்று கேட்டுச் செவிமடுப்பதே அருமை. தலைமுறை தலைமுறையாக ஏவலுக்கு ஆட்பட்ட நாம் ஏவலின் கசப்பை அறிவோம். ஆதலின், இத்தொழில் நமக்குக் கைவரும்.

எச்சரிக்கை ஒன்று. நம் மாணவி ஒருத்தி தாயின் தோட்டை அடகுவைத்து மருத்துவத் துணைப்பணி பயின்றாள். அவள் பெற்ற சான்றிதழை எம்மருத்துவமனையும் ஏற்கவில்லை. விசாரியாமல் வாழ்த்தியனுப்பிய பிழை நம்முடையது. செவிலியமாயினும் உணவியலாயினும், அரசின் அங்கீகாரம் உண்டா என்று அறிந்த பின்னரே கட்டணம் செலுத்துங்கள்.

நம் பாட்டனார் ஏறக்கூடாத திண்ணைகள் இருந்தன. அவ்வீடுகளுக்குள் நம் பிள்ளைகள் கற்றவராய்ச் சென்று, அமர்ந்து, நலம் கேட்கட்டும்!