எந்தச் சுவரும் நமக்காக எழும்பவில்லை

(வண்டிப்பெரியாரில் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களின் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு, அடுப்பில் உலைகூட வைக்காமல் நேரே வந்து உட்கார்ந்திருக்கிற தாய்மார்கள் இங்கே பலர். ஆகவே நீட்டி முழக்க மாட்டேன். "எல்லைச் சுவர்களும் யுத்தமும்" என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். இதைக் கேள்விப்பட்ட ஒரு தோழர் என்னை வழியில் நிறுத்தி, "லயம் ஒழுகுகிறது, ஓய்வு பெற்றவர்களுக்குச் சேரவேண்டிய பணம் பாக்கி நிற்கிறது. இதையெல்லாம் விட்டுவிட்டு அமெரிக்காக்காரன் கட்டுகிற சுவரைப் பற்றி நமக்கென்ன பேச்சு?" என்றார். நியாயமான கேள்வி. அந்தத் தோழருக்குப் பதில் சொல்வதாகவே இன்று பேசுகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எல்லைச் சுவர்களுக்கும் யுத்தத்துக்கும் நான் எதிரி. இது சங்கத் தீர்மானமல்ல, என் சொந்தக் கருத்து. புத்தகம் படித்து வந்த கருத்து என்று நினைக்காதீர்கள். என் குடும்பத்துக் கணக்கைப் பார்த்து வந்த கருத்து.

என் அப்பாவைப் பெற்ற பாட்டி சங்கரன்கோவில் பக்கத்துக்காரி. ஒரு பஞ்ச காலத்தில் அந்த ஊருக்கு இரண்டு கங்காணிகள் வந்தார்கள். ஒருவன் பீர்மேட்டு மலைக்கு ஆள் சேர்த்தான். இன்னொருவன் கண்டிச் சீமைக்கு ஆள் சேர்த்தான். பாட்டி முதல் கங்காணியோடு கம்பம் வழியாக மலை ஏறினாள். அவள் தங்கை, என் சின்னப்பாட்டி, மற்றவனோடு தனுஷ்கோடியில் கப்பல் ஏறினாள். இருவரும் பறித்தது ஒரே தேயிலைக் கொழுந்து. இருவரின் பேரும் ஏறியது ஒரே வெள்ளைக்காரனின் பேரேடு. அன்று அந்தக் கடலை எல்லை என்று யாரும் நினைக்கவில்லை. ஆள் தேவைப்பட்டவரை அது வெறும் தண்ணீர்தான்.

1948-ல் இலங்கை விடுதலை அடைந்தது. அந்த வருஷமே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. ஏறத்தாழ ஏழு லட்சம் தோட்டத் தமிழர்கள் ஒரே சட்டத்தில் நாடற்றவர்கள் ஆனார்கள். அடுத்த வருஷம் வாக்குரிமையும் போயிற்று. செங்கல் இல்லை, சுண்ணாம்பு இல்லை, காகிதத்தில் எழும்பிய சுவர் அது. அதற்கு ஆதரவாகத் தமிழ்த் தலைவர்களிலேயே சிலர் கை தூக்கினார்கள் என்பதையும் நாம் மறந்துவிடக் கூடாது. எதிர்த்த செல்வநாயகம் பிரிந்து வந்து 1949-ல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார்.

பிறகு 1964 அக்டோபர் 30. டில்லியில் சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டார்கள். மொத்தத் தலை 9,75,000. இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. மிச்சம் 1,50,000 பேர் என்ன ஆவது? பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்தார்கள். 1974-ல் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் அந்த மிச்சத்தைப் பாதிப் பாதியாக, ஆளுக்கு 75,000 என்று பிரித்துக்கொண்டார்கள். மனிதர்களைப் பிரித்த கணக்கு எவ்வளவு சரியாக வந்தது பாருங்கள்! சந்தையில் ஆடு பிரிப்பவன்கூட எது தாய், எது குட்டி என்று பார்த்துப் பிரிப்பான். எந்தப் பக்கம் போக விருப்பம் என்று ஒப்பந்தத்துக்கு முன்னால் அந்த மக்களில் ஒருவரைக் கேட்டார்களா?

எங்கள் குடும்பமும் இதில் கிழிந்தது. சின்னப்பாட்டியின் மகன், எனக்குச் சித்தப்பா முறை, இந்தியப் பிரஜையாகப் பதிந்துகொண்டு தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரம் வந்தார். மண்டபம் முகாமில் ஒரு காகிதம் கொடுத்தார்கள். அதில் எழுதியிருந்த இடம்தான் அவருக்கு ஊர். அவருக்கு எழுதியிருந்தது நீலகிரியில் அரசு தேயிலைத் தோட்டம். அவரோடு கப்பலில் வந்தவர்களில் சிலர் கேரளத்துப் புனலூர் ரப்பர் தோட்டத்துக்கு, சிலர் கர்நாடகத்துச் சுள்ளியாவுக்கு, சிலர் ஆந்திரத்துப் பஞ்சாலைக்கு. அங்கே போனால் அவர்களுக்கு இன்றுவரை என்ன பெயர் தெரியுமா? "சிலோன்காரன்." அங்கே இருந்தவரை "கள்ளத்தோணி", இங்கே வந்த பின் "சிலோன்காரன்".

சின்னப்பாட்டியின் மகள், என் அத்தை, அங்கேயே தங்கினாள். 1977 கலவரத்தில் லயம் எரிந்தது. மலையை விட்டு வடக்கே போனால் நம் சனங்களோடு பயமில்லாமல் இருக்கலாம் என்று வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போனவர்கள் ஆயிரக்கணக்கானோர். அத்தை குடும்பமும் அதில் ஒன்று. காடு வெட்டிப் பயிர் வைத்தார்கள். அந்த நிலத்தின்மேல்தான் பிறகு யுத்தம் வந்தது.

யுத்தம் என்றால் என்ன என்று நம் பிள்ளைகள் சினிமாவில் பார்த்து வைத்திருக்கிறார்கள். 2025 மே மாதம் இந்தியாவும் பாகிஸ்தானும் நான்கு நாள் மோதிக்கொண்டபோது, இந்த ஊர் டீக்கடையிலேயே சில இளவட்டங்கள் கைப்பேசியை வைத்துக்கொண்டு கிரிக்கெட் ஸ்கோர் சொல்வதுபோல் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த நாட்களில் பூஞ்ச் நகரத்தில் வீட்டுக்குள் இருந்தபடியே பீரங்கிக் குண்டுக்குச் செத்தவர்கள் உண்டு. எல்லைக்கு அந்தப் பக்கத்திலும் செத்தார்கள். ஸ்கோரில் அவர்கள் வரவில்லை.

வன்னியில் என்ன நடந்தது? 2009-ன் முதல் ஐந்து மாதங்களில் லட்சக்கணக்கான மக்கள் ஒரு சின்னக் கடற்கரைத் துண்டுக்குள் நெருக்கப்பட்டார்கள். ஐக்கிய நாடுகள் சபை அமைத்த நிபுணர் குழு 2011-ல் கொடுத்த அறிக்கையில், கடைசிக் கட்டத்தில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கக்கூடும் என்று சொன்னது. அரசாங்கத்தின் குண்டுகள் மருத்துவமனைகள்மீதும் விழுந்தன என்றும், புலிகள் மக்களை வெளியேற விடாமல் தடுத்தார்கள் என்றும் அதே அறிக்கை சொல்கிறது. இரண்டையும் சேர்த்தே நான் சொல்வேன். ஒன்றை மட்டும் சொல்லிக் கைதட்டு வாங்க எனக்கு விருப்பமில்லை. பிழைத்து வந்தவர்களுக்கு என்ன கிடைத்தது? செட்டிகுளத்தில் முள்கம்பி வேலி. ஏறத்தாழ மூன்று லட்சம் பேரைத் தங்கள் சொந்த நாட்டுக்குள்ளேயே கம்பிக்குள் அடைத்தார்கள். அந்தக் கூட்டத்தில் மலையிலிருந்து போன கொழுந்துக்காரக் குடும்பங்கள் எத்தனையோ. அவர்கள் எந்த நாட்டையும் பிடிக்கப் போனவர்களல்லர். பயமில்லாமல் தூங்க ஓர் இடம் தேடிப் போனவர்கள்.

என் அத்தை அதற்கு முன்பே, 1990-ல், படகில் தப்பி மண்டபம் வந்துவிட்டாள். முகாமிலேயே செத்தாள். அவள் பேரப்பிள்ளைகள் தமிழ்நாட்டில் பிறந்து, தமிழ்நாட்டுப் பள்ளியில் படித்தவர்கள். அவர்கள் எந்த நாட்டுப் பிரஜைகள்? எந்த நாட்டுக்கும் இல்லை. கணக்கைக் கூட்டிப் பாருங்கள். ஒரு தாய் வயிற்றில் பிறந்த அக்கா, தங்கை. அக்காள் பேரன் நான், கேரளத்தில் ஓட்டுப் போடுகிறேன். தங்கை மகன் தாயகம் திரும்பியவர். தங்கை மகள் வழிப் பிள்ளைகள் அகதிகள். நாங்கள் யாரும் எந்தக் கோட்டையும் கிழிக்கவில்லை.

தமிழ்நாட்டில் இன்னும் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் இப்படிப்பட்ட குடும்பங்கள் இருக்கின்றன. 2021-ல் "மறுவாழ்வு முகாம்" என்று பெயரை மாற்றினார்கள், பெயராவது நல்லதாயிற்று. 2019-ல் டில்லி கொண்டுவந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்காளதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாடுகளைச் சொல்லிற்று. இலங்கையைச் சொல்லவில்லை. நம் பாட்டனும் பாட்டியும் புறப்பட்டுப் போனது இந்த மண்ணிலிருந்துதானே? இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

இதெல்லாம் இலங்கையோடு முடிந்த கதையும் அல்ல. 1942-43-ல் ஜப்பான் ராணுவம் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டது. மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து தமிழர்களை லாரியில் அள்ளிக்கொண்டு போனார்கள். அந்தப் பாதையில் செத்த ஆசியத் தொழிலாளர்கள் 90,000 வரை என்று மதிப்பிடுகிறார்கள். காஞ்சனபுரியில் வெள்ளைக்காரப் போர்க்கைதிகளுக்குப் புல்வெளி போட்டு, பெயர் பொறித்து, ஏறத்தாழ 7,000 கல்லறைகள் இருக்கின்றன. வேண்டியதுதான், அவர்களும் மனிதர்கள். நம் ஆட்களுக்குப் பெயர்ப் பட்டியல்கூடக் கிடையாது. பெரட்டுக் களத்தில் ஒரு நாள் வராவிட்டால் அரைப் பேர் போடத் தெரிந்த உலகத்துக்கு, செத்தவன் பேர் எழுதத் தெரியவில்லை.

சரி, தோழர் கேட்ட அயல்நாட்டுச் சுவருக்கு வருவோம். பெர்லின் சுவர் 1961-ல் எழும்பி 1989-ல் விழுந்தது. இனி உலகத்தில் சுவரே இராது என்று அன்று பத்திரிகைகள் எழுதின. இன்று நாடுகளுக்கிடையே எழுபதுக்கு மேற்பட்ட சுவர்களும் வேலிகளும் இருப்பதாகக் கணக்கெடுத்தவர்கள் சொல்கிறார்கள். அதில் ஒன்று நம்முடையது, வங்காளதேச எல்லையில். 2011 ஜனவரியில் 15 வயதுப் பெண் ஒருத்தி, கல்யாணத்துக்காகத் தகப்பனோடு இந்தியாவிலிருந்து தன் நாட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தாள். ஏணி வைத்துக் கம்பி வேலியைத் தாண்டும்போது உடுப்பு முள்ளில் மாட்டிக்கொண்டது. சுட்டார்கள். உடல் மணிக்கணக்கில் வேலியிலேயே தொங்கியது. அவள் யாருக்கு எதிரி? பிழைக்க வந்த ஏழைக் குடும்பத்துப் பெண், நம் லயத்துப் பெண்களில் ஒருத்தி மாதிரி.

டில்லியைக் குறை சொல்லுமுன் நம் முதுகையும் பார்த்துக்கொள்ள வேண்டும். மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில், தாழ்த்தப்பட்ட மக்கள் வரக்கூடாதென்று 1989-ல் சுவர் கட்டினார்கள். ஜெர்மானியர் சுவரை உடைத்த அதே வருஷம்! 2008-ல்தான் அதில் ஒரு பகுதியை இடித்து வழிவிட்டார்கள். கட்டியவன் பேசியதும் தமிழ்தான், வெளியே நின்றவன் பேசியதும் தமிழ்தான்.

இனி நம் ஊர். 1956 நவம்பர் முதல் தேதி மொழிவாரி மாநிலங்கள் பிறந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றன. இங்கே தமிழர் தொகை அதிகம் என்று சொன்னபோது, தோட்டக் கூலிகள் வந்து போகிறவர்கள், நிலையானவர்களல்லர் என்று எதிர்வாதம் வைத்தார்கள். மூன்று தலைமுறையாக இந்த மண்ணுக்கு உரமாகிறவன் வந்து போகிறவனாம்! ஆனாலும் கோடு தமிழ்நாட்டுப் பக்கமாக விழுந்திருந்தால் நம் லயம் ஒழுகாமல் இருந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. மாஞ்சோலைக்காரர்களைக் கேளுங்கள். அவர்கள் தமிழ்நாட்டில்தான் இருந்தார்கள்.

முல்லைப் பெரியாறு விவகாரத்தில் என்ன ஆயிற்று என்பதை இங்கே உட்கார்ந்திருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2011 டிசம்பர் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். சபரிமலைக் கூட்டம் போகிற மாதம். குமுளி அடைபட்டது. அந்தப் பக்கம் கூடலூரிலிருந்தும் கம்பத்திலிருந்தும் ஆயிரக்கணக்கில் லோயர் கேம்ப் நோக்கி நடந்தார்கள். இந்தப் பக்கம் ஏலத்தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்களை மிரட்டினார்கள். குழந்தையை இடுப்பில் கட்டிக்கொண்டு காட்டுப் பாதை வழியாகத் தேவாரத்துக்கும் போடிக்கும் இறங்கிய பெண்கள் உண்டு. கீழே மலையாளிகளின் கடைகளை உடைத்தார்கள். அவர்களும் நம்மைப்போல் பிழைக்கப் போனவர்கள்தானே? 136 அடியா, 142 அடியா, 152 அடியா என்று வழக்காடியவர்களில் ஒருவருக்காவது ஒரு நாள் கூலி போயிற்றா?

அணைக்குக் கீழே வல்லக்கடவு தாண்டினால் முதல் டவுன் இந்த வண்டிப்பெரியார்தான். 2018 ஆகஸ்டிலும், 2021 டிசம்பரிலும் ராத்திரியில் மதகு திறந்து ஆற்றங்கரை வீடுகளுக்குள் தண்ணீர் வந்தபோது, நனைந்த பாயைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடியவர்களில் தமிழரும் உண்டு, மலையாளியும் உண்டு. அணையின் மறுபக்கம் போகிற தண்ணீரில் தேனி, மதுரை, ராமநாதபுரம் வரை வயல் விளைகிறது. அந்த வயலில் நம் அண்ணன் தம்பி, மாமன் மச்சான் வேலை செய்கிறார்கள். அணை உடையும் என்று பயப்படுகிறவனும் நம்மவன், தண்ணீர் நிற்கும் என்று பயப்படுகிறவனும் நம்மவன். அப்படியிருக்க எந்தப் பக்கம் நின்று நாம் யார்மேல் கல்லெறிவது?

2020-ல் கொரோனா வந்தபோது குமுளியிலும் கம்பம்மெட்டிலும் போடிமெட்டிலும் மறுபடி தடுப்புக் கட்டினார்கள். நோய்க்காகத்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? சரக்கு லாரிக்கு வழி விட்டார்கள். ஏலக்காய் போடி ஏலத்துக்கும் புத்தடி ஏலத்துக்கும் போகும். தேயிலை கொச்சி ஏலத்துக்குப் போய் அங்கிருந்து கடலும் தாண்டும். அதைப் பறித்த கைக்கு மட்டும் பாஸ் வேண்டும். விடியற்காலை ஜீப்பில் மலை ஏறி வேலை செய்து இரவு வீடு திரும்பிய தேனி மாவட்டத்துப் பெண்கள் மாதக்கணக்கில் கூலியில்லாமல் கிடந்தார்கள்.

"அப்படியானால் நாட்டுக்குக் காவலே வேண்டாமா, திருடனும் தீவிரவாதியும் வரட்டுமா?" என்று கேட்பார்கள். காவல் இருக்கட்டும். துப்பாக்கி கொண்டு வருகிறவனைப் பிடிக்கட்டும். அவன் வேலிக்கு வெளியே வரிசையில் நிற்கிறவனல்ல. அவனுக்கு வழியும் உண்டு, பணமும் உண்டு. வேலியில் மாட்டுகிறவள் கூலிக்காரி. அதோடு, பத்திரமில்லாத ஆள் முதலாளிக்கு மலிவான ஆள். கூலி கேட்டால் "போலீசில் சொல்வேன்" என்றால் போதும். இன்று இந்த மலையிலேயே அசாம், ஜார்க்கண்ட் பக்கத்துப் பிள்ளைகள் வந்து வேலை செய்கிறார்கள். "ஹிந்திக்காரன் வந்து நம் கூலியைக் கெடுத்தான்" என்று நம்மவர்களே பேசுவது என் காதில் விழுகிறது. எழுபது வருஷத்துக்கு முன் நம்மைப் பற்றிச் சொன்னது வார்த்தை மாறாமல் இதுதான்! அந்தப் பிள்ளைகளைச் சங்கத்தில் சேர்த்தால் அவர்கள் கூலியும் உயரும், நம் கூலியும் நிற்கும். சேர்க்காவிட்டால் இரண்டும் போகும்.

பேச்சு போதும், செய்யவேண்டியது ஒன்றிருக்கிறது. 1986-ல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண், 1987 ஜூலைக்கு முன் இந்த மண்ணில் பிறந்தவர்கள் இந்தியப் பிரஜைகளே என்ற சட்டத்தைக் காட்டி நீதிமன்றம் போனார். 2024 மக்களவைத் தேர்தலில் முதல் முறையாக ஓட்டுப் போட்டார். அவருக்குப் பிறகு பிறந்தவர்களுக்கு அந்த வழி இல்லை. அவர்களுக்கு, பாட்டன் இந்த மண்ணைச் சேர்ந்தவன் என்று காட்டும் காகிதம்தான் துணை. அந்தக் காகிதம் சில சமயம் முகாமில் இல்லை, உங்கள் தகரப் பெட்டியில் இருக்கிறது. கண்டிச் சீமையிலிருந்து வந்த பழைய கடிதம், உறை, முத்திரை, கங்காணி பெயர் எழுதிய துண்டு, தாயகம் திரும்பியோர் குடும்ப அட்டை, எதுவாக இருந்தாலும் கரையான் அரிக்குமுன் எடுத்து வையுங்கள். முகாமில் உறவினர் இருப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் மேடைக்கு இடப்பக்கம் உட்கார்ந்திருக்கும் தோழரிடம் அவர்கள் பெயர், முகாமின் பெயர், பாட்டன் புறப்பட்ட ஊரின் பெயர் மூன்றையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். எழுதத் தெரியாதவர்கள் சொன்னால் போதும், அவர் எழுதிக்கொள்வார்.