இழவும் கொலையும்



அழுகை என்னும் மெய்ப்பாட்டின் நிலைக்களன்களுள் ஒன்றாக இழவைக் கூறுகின்றார் தொல்காப்பியர். வெகுளியின் நிலைக்களன்களுள் ஒன்றாகக் கொலையைக் கூறுகின்றார். இறந்துபட்டவர் ஒருவரே ஆயினும், இழவெனக் கொண்டால் கண்ணீர் பெருகும்; கொலையெனக் கொண்டால் சினம் மூளும். தொலைக்காட்சித் தொடரில் தாம் நேசித்த பாத்திரத்தை இழந்த சுவைஞர்களின் கோபத்தை விளங்கிக்கொள்ள இவ்வேறுபாடு பெரிதும் துணைசெய்யும்.

அமெரிக்காவில் 1972 முதல் 1983 வரை ஒளிபரப்பான ‘மாஷ்’ தக்க சான்று. கொரியப் போர்முனைக்கு அருகிலுள்ள படை மருத்துவமனையே அதன் களம். அம்மருத்துவமனையின் தலைவர் ஹென்றி பிளேக். கண்டிப்பு அறியாதவர், வெள்ளை உள்ளத்தவர். அவராக நடித்த மெக்லீன் ஸ்டீவன்சன் தொடரைவிட்டு விலகினார். 1975 மார்ச் 18 அன்று ஒளிபரப்பான பகுதியில் பிளேக் பணியினின்று விடுபட்டு ஊர் திரும்புகிறார். தோழர்கள் சிரிப்பும் கண்ணீருமாக வழியனுப்புகின்றனர். இத்துடன் முடிந்திருந்தால் குறை சொல்வார் இரார். ஆனால் இறுதிக் காட்சியில், ரேடார் என்னும் இளம் எழுத்தன் கையில் ஒரு தாளுடன் அறுவைக்கூடத்துள் நுழைகிறான். பிளேக் சென்ற விமானம் ஜப்பான் கடலின்மேல் சுட்டு வீழ்த்தப்பட்டது, பிழைத்தவர் எவருமிலர். மருத்துவர்கள் கையை நிறுத்த இயலாது. மேசைமேல் காயம்பட்டவன் கிடக்கிறான். கருவி ஒன்று தரையில் விழும் ஓசை கேட்கிறது. அவ்வளவே. இக்காட்சிக்குரிய பக்கத்தை நடிகர் பலருக்கும் கடைசி நேரம்வரை காட்டாது வைத்திருந்தனர்.

நகைச்சுவைத் தொடரில் இப்படியும் செய்வதா எனச் சினந்த கடிதங்கள் குவிந்தன. விலகிய நடிகருக்கு அளித்த தண்டனையோ என்று ஐயுறவும் இடமிருந்தது. எனினும் அது இழவே, கொலையன்று. அம்மேசையில் வாரந்தோறும் பெயரறியாப் படைவீரர் கிடந்தபோது மக்கள் பொறுத்திருந்தனர். பெயரறிந்த ஒருவர் மாண்டபோதுதான் அவர்களுக்குப் போர் உறைத்தது. பதினேழு நாள் கழித்து, சைகோனிலிருந்து ஆதரவற்ற குழந்தைகளை ஏற்றிச் சென்ற அமெரிக்கப் படை விமானம் விழுந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அக்குழந்தைகளின் பெயர்களை அறிந்த நேயர் எத்தனைபேர்?

அதே ஆண்டு செப்டம்பரில், ஒப்பந்தப் பூசலால் வெயின் ரோஜர்ஸ் விலகவே, டிராப்பர் ஜான் என்னும் மருத்துவரும் தொடரிலிருந்து மறைந்தார். விடுமுறையில் சென்ற நண்பர் ஹாக்கை திரும்பி வருவதற்குள் அவர் புறப்பட்டுவிட்டார். விமானநிலையத்துக்கு விரைந்தும் பயனில்லை. நேயர்கள் அவர் போனதைக் காணவேயில்லை. பிளேக்கின் சாவினும் இது கொடியது எனலாம். அழுதற்கு ஓர் உடலும் இல்லை, காட்சியும் இல்லை.

‘டல்லஸ்’ தொடரோ வேறு வழி சென்றது. 1985 மே மாதம் மாண்ட பாபி யூயிங், அடுத்த ஆண்டு மே மாதம் குளியலறையில் உயிருடன் நின்றான். இடைப்பட்ட ஓராண்டுக் கதை முழுதும் பாமெலா கண்ட கனவாம்! நேயர்கள் கேட்டதும் பாபியைத்தான், கிடைத்ததும் அவனே. ஆனால் ஓராண்டு அவர்கள் கொண்ட துயரைப் பொய்யாக்கியன்றோ அவனைத் திருப்பித் தந்தனர்? கொலை என்னும் சொல் இங்கேதான் பொருந்தும்.

‘மாஷ்’ 1983 பிப்ரவரி 28 அன்று நிறைவெய்தியது. டிராப்பரின் இடத்துக்கு வந்த பி.ஜே., பிரியும்போது விடைபெறும் சொல்லை இறுதிவரை வாய்திறந்து சொல்ல மறுக்கிறார். ஹாக்கை ஏறிய ஹெலிகாப்டர் மேலெழுகிறது. குனிந்து பார்க்கிறார். கீழே மண்ணில், வெண்கற்களை அடுக்கி, அந்த ஒரு சொல்லைப் பி.ஜே. எழுதிவைத்திருக்கிறார்.