இல்லை என்று சொல்லுமுன்

நோயைத் தீர்க்கவேண்டிய மருந்தே நோயைக் கொண்டுவந்துவிட்டால் என்ன செய்வது? நாம் பருகும் மருந்துகள் பலவற்றில் தண்ணீர் கலந்திருக்கிறது. அத்தண்ணீரிலோ, அதைக் கையாள்வோரின் கைகளிலோ தூய்மை குறைந்தால், குடலில் வாழும் கிருமிகள் மருந்தினுள் புகுந்துவிடக் கூடும். கோலிபார்ம் என்னும் கூட்டத்தைச் சேர்ந்த எஷெரிக்கியா கோலி அவற்றுள் முக்கியமானது. குழந்தை மருத்துவர் தியோடர் எஷெரிக் 1885-ஆம் ஆண்டில் இதனை விவரித்தார். இதன் வகைகளிற் பல தீங்கற்றவையே. ஆயினும், இது வந்த வழியே கொடிய கிருமிகளும் வந்திருக்கலாம் அல்லவா? ஆகவே இதனை மாசுக்குச் சாட்சி என்பேன்.

கண்ணுக்குத் தெரியாத இச்சாட்சியை எவ்வாறு பேசவைப்பது? இங்கிலாந்தில் கழிவுநீரை ஆராய்ந்த ஆல்பிரட் மக்கான்கி என்பவர் 1900-ஆம் ஆண்டையொட்டி ஒரு வழி கண்டார். கிருமிகளுக்கான உணவில் பித்த உப்பைச் சேர்த்தார். குடற்கிருமிகள் பித்தத்துக்குப் பழகியவை. பழகாத பல கிருமிகள் அதில் வளரமாட்டா. பாற்சர்க்கரையையும் சேர்த்தார். கோலிபார்ம் கிருமிகள் அதனைப் புளிக்கவைத்து அமிலம் உண்டாக்கும். பின்னர்ச் சேர்க்கப்பட்ட நியூட்ரல் ரெட் என்னும் சாயம், அமிலம் பட்டதும் சிவக்கும். கடற்பாசிக் கூழால் கெட்டியாக்கிய இவ்வுணவின்மேல் அக்கிருமிகளின் திரள்கள் செம்புள்ளிகளாகத் தோன்றும். பாற்சர்க்கரையைப் புளிக்கவைக்காத டைபாய்டு கிருமியோ நிறமற்ற புள்ளிகளாக வளரும்.

இன்றைய மருந்துச் சோதனையில் மருந்தை முதலில் சத்துள்ள சாற்றிலிட்டு, நலிந்த கிருமிகளைத் தேற்றுகிறார்கள். அடுத்து மக்கான்கி சாற்றில் 42 முதல் 44 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 24 முதல் 48 மணி நேரம் வைக்கிறார்கள். அதன்பின்னரே தட்டில் பரப்புகிறார்கள். புள்ளிகள் தோன்றினால், அவை எக்கிருமி என்று மேலும் சோதித்து உறுதி செய்கிறார்கள்.

தட்டில் ஒன்றுமே முளைக்காவிட்டால் மருந்து தூயதென்று சொல்லிவிடலாமா? நண்பர்களே, இங்கேதான் நான் உங்களைச் சற்று நிறுத்த விரும்புகிறேன். மருந்து கெடாதிருக்கச் சேர்த்த பொருளே, சோதனைக் குடுவையில் கிருமியை அடக்கி வைத்திருக்கலாம். உணவே பழுதாயிருக்கலாம். ஆதலால், முறையைத் தேர்ந்தெடுக்கும்போது, நூற்றுக்கு மேற்படாத எஷெரிக்கியா கோலி கிருமிகளை வேண்டுமென்றே மருந்தோடு கலந்து சோதிக்கிறார்கள். அவை வளர்ந்து தென்பட்டால்தான் அம்முறை ஏற்கப்படும். இல்லையேல் மருந்தை மேலும் நீர்க்கச் செய்தோ, அடக்கும் பொருளின் வலிமையைப் போக்கியோ மறுபடியும் சோதிக்கவேண்டும்.

காணவில்லை என்பது வேறு. இல்லை என்பது வேறு. இருந்தால் காணும் வல்லமை தமக்குண்டு என்று மெய்ப்பித்தவரே இல்லை என்று சொல்லலாம். நோயாளி அச்சொல்லை நம்பித்தான் மருந்தை வாயில் ஊற்றிக்கொள்கிறான்.