ஞாயிற்றுக்கிழமை ஊர்சுற்றிகள்

(முன்னாள் மாணவர் சந்திப்பின் முதல் நாள் மாலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். மறுநாள் காலை பனமலைப் பயணம் ஏற்பாடாகியிருந்தது.)



நாளைக் காலை ஆறு மணிக்கு இரண்டு பஸ் பனமலைக்குக் கிளம்புகிறது. "போகிறவர்களுக்கு அந்த ஊரைப் பற்றி நாலு வார்த்தை சொல்லுப்பா" என்று செயலாளர் அண்ணன் என்னிடம் சொன்னார். நான் சரித்திரம் படித்தவன் அல்ல. கம்பியும் கான்கிரீட்டும் கணக்குப் போடுகிற ஆள். ஆனால் சென்னையில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து, ஞாயிற்றுக்கிழமை என்றால் ஒரு கேமராவையும் தண்ணி பாட்டிலையும் எடுத்துக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றுகிற கூட்டத்தில் நானும் ஒருவன். அந்தக் கூட்டத்தைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன். பனமலை நடுவில் வரும்.

சுற்றிப் பார்த்துவிட்டு வந்து எழுதுவது தமிழனுக்குப் புதுசு ஒன்றும் இல்லை. ஏ.கே. செட்டியார் உலகத்தையே சுற்றிவிட்டு வந்து எழுதினார். தொ.மு. பாஸ்கரத் தொண்டைமான் கலெக்டர் வேலையையும் பார்த்துக்கொண்டு வேங்கடம் முதல் குமரி வரைக்கும் கோயில் கோயிலாக எழுதித் தள்ளினார். ஓவியர் சில்பி கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து வரைந்த கோட்டோவியங்கள் ஆனந்த விகடனில் வந்தபோது, வாராவாரம் அந்தப் பக்கத்தைக் கத்தரித்து வைத்த குடும்பங்கள் எத்தனையோ. இவர்களெல்லாம் பத்திரிகை இடம் கொடுத்ததால் எழுதினார்கள். பத்திரிகையில் இடம் கிடைக்காத சாமானியன், பார்த்ததைப் பெண்டாட்டியிடம் சொல்வான், ஆபீசில் பக்கத்து மேசைக்காரரிடம் சொல்வான், அதோடு சரி.

அந்த நிலைமை 2003, 2004 வாக்கில் மாறியது. தமிழில் வலைப்பூக்கள் வந்தன. 2004இல் காசி ஆறுமுகம் 'தமிழ்மணம்' என்ற திரட்டியைத் தொடங்கினார். யார் எங்கே புதிதாக எழுதினாலும் அங்கே ஒரு வரி வந்து நிற்கும். இன்றைக்குக் கைப்பேசியில் பேசினாலே தமிழில் எழுத்தாகிவிடுகிறது. அன்றைக்கு அப்படியா? பிரவுசிங் சென்டருக்குப் போய், மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து, 'எ-கலப்பை' இருக்கிற கம்ப்யூட்டர் எது என்று கேட்டு உட்கார வேண்டும். அதற்கு முந்தைய தலைமுறை அண்ணன்மார்களுக்கு இன்னும் பெரிய பாடு. ஒரு பக்கத்தைப் படிக்க ஒரு எழுத்துரு, இன்னொரு பக்கத்துக்கு இன்னொன்று. எழுத்துரு இல்லையென்றால் திருக்குறள்கூட எலி கடித்த காகிதம் மாதிரிதான் தெரியும். யூனிகோடு வந்துதான் அந்தச் சண்டை ஓய்ந்தது.

எழுதினவர்கள் யார் என்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். வங்கி கிளார்க், வளைகுடாவில் வேலை பார்க்கும் போர்மேன், பள்ளிக்கூட டீச்சர், ஓய்வுபெற்ற தாசில்தார், எங்களைப் போல இன்ஜினியர்கள். எழுதின விஷயமும் அப்படித்தான். இன்றைக்கு 29சி பஸ்ஸில் நடந்த சண்டை, தி. நகரில் வாங்கின செருப்பு, புதுப்பட விமர்சனம். பாதிக்கு மேல் மொக்கை. 'மொக்கை', 'கும்மி' என்பதற்கெல்லாம் புதுப்பொருள் கொடுத்ததே அந்தக் கூட்டம்தான். மெரினாவில் காந்தி சிலைக்குப் பின்னால் மணலில் கூடிப் பேசுவார்கள், சுண்டல் காசைப் பங்கு போட்டுக் கொடுப்பார்கள். 2007 ஆகஸ்டில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு பட்டறையே நடத்தினார்கள். இதையெல்லாம் வெட்டிவேலை என்று சொன்னவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பின்னூட்டம் என்று ஒன்று இருந்தது, அதுதான் முக்கியம். நீங்கள் ஒரு சிற்பத்தைப் படம் எடுத்துப் போட்டு "துர்க்கை" என்று எழுதினால், அரை மணி நேரத்தில் ஒருவர் வந்து "கையில் இருப்பதைச் சரியாகப் பாருங்கள் ஐயா" என்று ஆரம்பிப்பார். இன்னொருவர் "அது எங்க ஊர் கோயில், நான் சின்ன வயசில் அந்தத் தூணில் கண்ணாமூச்சி ஆடியிருக்கேன்" என்பார். காசு கொடுத்துப் படித்தாலும் இப்படிப் பாடம் கிடைக்காது.

இப்போது பனமலைக்கு வருகிறேன். விழுப்புரத்துக்கும் செஞ்சிக்கும் இடையில், பெரிய ஏரியை ஒட்டிய ஒரு குன்று. அதன்மேல் தாளகிரீசுவரர் கோயில். 'தாளம்' என்றால் பனை, 'கிரி' என்றால் மலை. பனமலை என்ற பெயரைத்தான் வடமொழியில் திருப்பி வைத்திருக்கிறார்கள். கட்டியவன் இராஜசிம்மன் என்ற இரண்டாம் நரசிம்மவர்மன். காஞ்சி கைலாசநாதர் கோயிலைக் கட்டிய அதே பல்லவன், எட்டாம் நூற்றாண்டின் தொடக்கம். பனமலைக்கு முன்னால் பஸ் மண்டகப்பட்டில் நிற்கும், இறங்க மறக்காதீர்கள். அங்கே மகேந்திரவர்மன் குடைந்த குகையில், செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல் இதை அமைத்தேன் என்று பெருமையாகக் கல்வெட்டு வைத்திருக்கிறான். சிவில் படித்தவர்கள் அந்தக் கல்வெட்டுக்கு முன்னால் ஒரு நிமிஷம் மௌனமாக நிற்கலாம், சிமெண்ட் விலையை நினைத்து. மலையைக் குடைந்த கொள்ளுத்தாத்தாக்கள், நூறு வருஷத்துக்குள் கல்லை வெட்டி அடுக்கி மலையுச்சியிலேயே விமானம் எழுப்பியிருக்கிறார்கள். இரண்டையும் ஒரே காலைப்பொழுதில் பார்க்கிற பாக்கியம் இந்த வட்டாரத்துக்கு உண்டு.

ஆனால் நான் உங்களைக் கூட்டிப்போவது ஒரு சுவரைக் காட்ட. வடபக்கத்துச் சிறு சந்நிதி ஒன்றின் உட்சுவரில் பார்வதி நிற்கிறாள். தலையில் மகுடம், மேலே குடை, ஒரு காலை மடித்துப் பின்னால் ஊன்றி, சற்றே சாய்ந்து, பக்கத்தில் சிவன் ஆடுவதைப் பார்க்கிறாள். ஆடுகிறவர் அநேகமாக அழிந்துவிட்டார், பார்க்கிறவள் மட்டும் மிச்சம். புதுச்சேரியில் பேராசிரியராக இருந்த பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ரேய் இந்த ஓவியத்தை உலகுக்குச் சொன்னவர்களில் முன்னோடி. பல்லவர் காலத்து வண்ணம் தமிழ்நாட்டில் மிஞ்சியிருக்கிற இடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

கல்லுக்குள் ஈரம் ஏறுகிறது, ஈரத்தோடு உப்பும் வருகிறது. ஈரம் காயும்போது உப்பு படிகமாகிச் சுண்ணாம்புப் பூச்சைத் தள்ளுகிறது. பூச்சு உதிர்ந்தால் அதன்மேல் இருக்கிற பார்வதியும் உதிர்வாள். நம் வீட்டுக் குளியலறைச் சுவரில் நடப்பதும் இதேதான், அங்கே பெயிண்டரைக் கூப்பிடலாம். இங்கே ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு முந்தைய பெயிண்டரை எங்கே போய்க் கூப்பிட? இயற்கை செய்வது இவ்வளவு. மிச்சத்தை மனிதர்கள் செய்கிறார்கள். சாவியால் பேர் கீறுவது, ஈரக்கையால் தடவிப் பார்ப்பது. தம்பிகளா, நாளைக்கு ஒருத்தன் விரல் அந்தச் சுவரில் படக்கூடாது. செல்ஃபிக்காக முதுகைச் சாய்க்கவும் கூடாது.

"அப்போ படமே எடுக்க வேண்டாமா?" என்று கேட்பீர்கள். எடுக்க வேண்டும் என்றுதான் சொல்ல வந்தேன். ஏன் என்பதற்கு இரண்டு சம்பவம் சொல்கிறேன்.

மயிலாடுதுறைப் பக்கம் ஆனந்தமங்கலம் என்று ஒரு ஊர். அங்கே ராஜகோபாலசுவாமி கோயிலிலிருந்து 1978இல் சாமி சிலைகள் களவு போயின. நாற்பது வருஷம் ஆகிவிட்டது. ஊரில் பழைய ஆட்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இதற்கிடையில் லண்டனில் ராமர், லட்சுமணர், சீதை சிலைகள் தென்பட்டன. அவை நம்முடையவை என்று எப்படி நிரூபிப்பது? புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1955இல் தொடங்கியதிலிருந்து தென்னிந்தியக் கோயில்களைப் படம் எடுத்து வைத்திருக்கிறது, ஒரு லட்சத்துக்கும் மேல். அதில் 1958இல் ஆனந்தமங்கலத்தில் எடுத்த படம் இருந்தது. ஒப்பிட்டுப் பார்த்தார்கள், பொருந்தியது. 2020 செப்டம்பரில் லண்டனில் சிலைகளை இந்தியாவிடம் ஒப்படைத்தார்கள். படம் எடுத்தவர் அன்றைக்கு என்ன நினைத்து எடுத்தாரோ, அறுபத்திரண்டு வருஷம் கழித்து அந்தப் படம் சாட்சி சொன்னது.

இதில் எங்கள் ஊர்சுற்றிக் கூட்டத்துக்கும் பங்கு உண்டு. சிங்கப்பூரில் கப்பல் துறையில் வேலை பார்த்த எஸ். விஜயகுமார் என்பவர், 2000களின் பிற்பகுதியில் 'பொயட்ரி இன் ஸ்டோன்' என்ற பெயரில் சிற்பங்களைப் பற்றி வலைப்பூ எழுத ஆரம்பித்தார். லீவுக்கு வந்தால் கோயில், திரும்பிப் போனால் பதிவு. நம்மைப் போன்ற ஆள்தான். படத்தோடு படத்தை ஒப்பிடுகிற அந்தப் பழக்கமே கடைசியில் சிலைத் திருட்டுகளைத் துப்புத் துலக்குவதில் கொண்டுபோய் விட்டது. நண்பர்களோடு சேர்ந்து 'இந்தியா பிரைடு புராஜெக்ட்' அமைத்தார், ஆனந்தமங்கலத்துச் சிலைகளை அடையாளம் கண்டு தகவல் கொடுத்ததும் அவர்தான்.

இரண்டாவது, அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் நடராஜர். பூட்டிக் கிடந்த கோயிலிலிருந்து எடுத்துப்போய்விட்டார்கள். 2008இல் ஆஸ்திரேலிய தேசிய கலைக்கூடம் ஏறத்தாழ 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு அவரை வாங்கியது. கோயிலில் இருந்தபோது எடுத்த பழைய படம் பிரெஞ்சு நிறுவனத்தில் இருந்தது. 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபோட் கொண்டுவந்து நம் பிரதமரிடம் கொடுத்தார். விற்ற வியாபாரி சுபாஷ் கபூர் 2011இல் ஜெர்மனியில் பிடிபட்டார், 2012இல் இங்கே கொண்டுவரப்பட்டார், 2022 நவம்பரில் கும்பகோணம் நீதிமன்றம் பத்து வருஷம் தண்டனை கொடுத்தது. இத்தனைக்கும் ஒரு புகைப்படம் துணை நின்றது.

இதற்கு மறுபக்கம் உண்டு, மறைக்க விரும்பவில்லை. ஆள் நடமாட்டம் இல்லாத கோயிலைப் படம் எடுத்து, "பூட்டே இல்லைங்க, உள்ளே அருமையான செப்புச் சிலை" என்று வழியோடு எழுதிப் போட்டால் அதைப் படிப்பது பக்தர் மட்டும்தானா? திருடனும் படிப்பான். அதனால் எங்கள் கூட்டத்தில் சிலர் செப்புத் திருமேனிகளைப் பொதுவில் போடுவதே இல்லை. நான் அவர்கள் கட்சி. படம் எடு, பத்திரமாக நாலு இடத்தில் வை, ஊரார் கையிலும் ஒரு பிரதி கொடு, வழியை மட்டும் விளம்பரப்படுத்தாதே. 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் கோயில்களுக்குள் கைப்பேசிக்குத் தடை விதிக்க உத்தரவிட்டபோது எங்களில் பாதிப்பேருக்கு வருத்தம். சந்நிதியில் சினிமாப் பாட்டுக்கு ஆடிப் படம் பிடித்தவர்களை நினைத்தால் உத்தரவின் நியாயம் புரிகிறது. ஆனால் நாளைக்கு ஒரு சிலை காணாமல் போனால் சாட்சிக்கு எங்கே போவது என்கிற கேள்வியும் நிற்கிறது. முறையாக அனுமதி கேட்டு, முறையாகப் பதிவு செய்ய வழி வேண்டும்.

மாணவர்களுக்கு ஒரு தொழில்நுட்ப விஷயம். படத்துக்கு உள்ளேயே எடுத்த தேதி, நேரம், சில சமயம் இடம்கூடப் பதிவாகியிருக்கும். அதை வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அளவும் சுருங்கும், அந்த விவரமும் போய்விடும். 'டாக்குமெண்ட்' ஆக அனுப்புங்கள், மூலப்படத்தை அழிக்காதீர்கள். இணையத்தில் போட்டாயிற்று, இனி பத்திரம் என்றும் நம்பாதீர்கள். 2009இல் ஜியோசிட்டீஸ் மூடினார்கள், 2020இல் யாஹூ குழுமங்கள் மூடினார்கள். கல்கியின் பொன்னியின் செல்வனைப் படித்துவிட்டுக் கோயில் கோயிலாகப் போன எத்தனையோ பேர் அந்தக் குழுமங்களில்தான் எழுதினார்கள். கல்வெட்டு ஆயிரம் வருஷம் நிற்கிறது, நம் எழுத்து இருபது வருஷம் தாங்கவில்லை. விக்கிமீடியா பொதுவகம் மாதிரி லாபநோக்கு இல்லாத இடத்தில் ஒரு பிரதி, வீட்டு வன்தட்டில் ஒரு பிரதி, இவ்வளவாவது செய்யலாம்.

செஞ்சிக்கோட்டை 2025 ஜூலையில் மராட்டிய ராணுவக் கோட்டைகளின் வரிசையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. இனி அங்கே கூட்டம் கூடும், பெயர்ப்பலகை வரும், காசும் வரும். நல்லதுதான். இருபத்துநாலு தீர்த்தங்கரர்கள் செதுக்கிய திருநாதர்குன்று செஞ்சி ஊரோரத்திலேயே இருக்கிறது, கோட்டைக்குப் போகிறவர்கள் எட்டிப் பார்ப்பதில்லை. பனமலைக்கு அதைவிடக் குறைவான பேர்தான் வருகிறார்கள். அந்தச் சுவரைப் பொறுத்தவரை அது நல்லதா கெட்டதா என்று எனக்குள்ளேயே இன்னும் வாதம் நடக்கிறது.

மூத்த அண்ணன்மார்களுக்கு ஒரு விண்ணப்பம். நம் கல்லூரியிலிருந்து செஞ்சிக்கும் பனமலைக்கும் சுற்றுலா போகாத வருஷமே இல்லை என்று சொல்வீர்கள். அப்போது ஃபிலிம் கேமராவில் எடுத்த குரூப் போட்டோ உங்கள் பீரோவில் இருக்கும். பெல்பாட்டம் பேண்ட்டோடு நீங்கள் நிற்பீர்கள், உங்கள் தோளுக்குப் பின்னால் சுவர் தெரியும். அந்தச் சுவர்தான் எங்களுக்கு வேண்டும். முப்பது, நாற்பது வருஷத்துக்கு முன்னால் எவ்வளவு வண்ணம் இருந்தது, எந்த மூலையில் பூச்சு முழுசாக இருந்தது என்று அதில் தெரிந்துவிடும். நாளை மாலை நூலகத்து வாசலில் ஒரு மேசையும் ஸ்கேனரும் போட்டு மூன்றாம் ஆண்டு மாணவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஆல்பத்தைக் கொண்டுவந்தால் உங்கள் கண் முன்னாலேயே ஸ்கேன் செய்து உடனே திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். படத்தின் பின்புறம் வருஷம் எழுதியிருந்தால் அதையும் ஸ்கேன் செய்வார்கள், எழுதாவிட்டால் ஞாபகத்திலிருந்து சொல்லுங்கள். நெகட்டிவ் இருந்தால் இன்னும் விசேஷம்.

பஸ் ஆறு மணிக்கு. குன்றில் நிழல் குறைவு, தொப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.