சீட்டல்ல, கார்டு

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



இந்த மேடையில் வழக்கமாகக் கல்வியின் அவசியத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். நானும் அப்படித்தான் எழுதி வைத்திருந்தேன். ஆனால், போன பெற்றோர் கூட்டத்தில் ஓர் அம்மா எழுந்து, "சார், பள்ளிக்கூடத்துல புள்ளைங்கள சீட்டாட விடுறீங்களாமே, உண்மையா?" என்று கேட்டார். கூட்டம் சிரித்தது. நானும் சிரித்துச் சமாளித்தேன். அது பதில் அல்ல. சிற்றுண்டிச்சாலையில் வெள்ளிக்கிழமைதோறும் நடக்கும் கார்டு விளையாட்டை நிறுத்திவிடலாமா என்று சங்கம் யோசிப்பதாகவும் அறிகிறேன். ஆகவே எழுதி வைத்த உரையை மடித்து வைத்துவிட்டு, இதைப் பற்றியே பேச வந்திருக்கிறேன்.

முதலில் ஒரு விளக்கம். சம்பள நாளில் லயத்துக் கோடியில் பெரியவர்கள் ஆடிய சீட்டு வேறு, இது வேறு. அது 52 சீட்டு, பந்தயம் காசு. இது சேகரிக்கிற கார்டு. நம் பிள்ளைகளிடம் இருப்பது பெரும்பாலும் போக்கிமோன் கார்டு. தன்னிடம் உள்ளவற்றில் 60 கார்டைப் பொறுக்கி, தன் கட்டைத் தானே அமைக்க வேண்டும். அடிப்படைச் சக்திக் கார்டு தவிர, ஒரே பெயர் உள்ள கார்டு நான்குக்கு மேல் கூடாது. கடையில் வாங்கும் பாக்கெட்டில் என்ன இருக்கும் என்பது பிரித்தால்தான் தெரியும். வேண்டியது கிடைக்காவிட்டால், கிடைத்தவனிடம் போய்ப் பேசி மாற்றிக்கொள்ள வேண்டும்.

இந்த வகை ஆட்டத்துக்கு வழி காட்டியவர் ரிச்சர்ட் கார்ஃபீல்டு என்ற அமெரிக்கர். கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். அவருடைய 'மேஜிக்: த கேதரிங்' என்ற ஆட்டத்தை விசர்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம் 1993 ஆகஸ்டில் வெளியிட்டது. போக்கிமோன் கார்டு ஜப்பானில் 1996ல் வந்தது. கணிதக்காரர் தொடங்கியது என்பதாலோ என்னவோ, இதில் கணக்கு நிறைய இருக்கிறது. 60ல் ஒரு கார்டு நான்கு படி வைத்திருந்தால், முதலில் எடுக்கும் ஏழில் அது ஒன்றாவது வருவதற்கு நூற்றுக்கு ஏறக்குறைய 40 வாய்ப்பு. இதை நான் கரும்பலகையில் சொல்லியிருந்தால் தூங்கியிருப்பார்கள். கார்டை வைத்துக்கொண்டு சொன்னபோது, பின்னத்துக்குப் பயப்படுகிற ஐந்தாம் ஆண்டுப் பையனே, "அப்ப மூணு வச்சா எவ்வளவு சார்?" என்று கேட்டான்.

சரி, இது ஏன் கைப்பேசிக்குள் போனது? நம் பள்ளி நிலைமை உங்களுக்குத் தெரியும். பால்மரம் வெட்டிய காலத்தில் மூன்று லயம் நிறையப் பிள்ளைகள். செம்பனை வந்தபின் குடும்பங்கள் ஒவ்வொன்றாக ஜாசினுக்கும் மலாக்கா பட்டணத்துக்கும் போய்விட்டன. இருக்கிற பிள்ளைகளில் கார்டு ஆடத் தெரிந்தவர்கள் ஆறு பேர். ஆறு பேருக்கும் மற்ற ஐந்து பேரின் கட்டு மனப்பாடம். ஆட்டம் சலிக்காமல் என்ன செய்யும்? பெரிய பட்டணங்களிலும் இதே குறைதான் ஓரளவு இருந்தது: ஆள் இருக்கும் இடத்தில் நேரம் இராது, நேரம் இருக்கும்போது ஆள் இராது. அதனால்தான் உலகத்தில் பலர் இந்த ஆட்டத்தைக் கணினிக்குக் கொண்டுபோக முயன்றார்கள்.

அதில் பல வழிகள் இருந்தன. 1990களில் 'அப்ரெண்டிஸ்' என்ற ஓர் இலவசச் செயலி இருந்தது. அது வெறும் மேசைதான். கார்டை எடுக்கலாம், வைக்கலாம். விதி பார்ப்பது ஆடுகிறவர்களின் பொறுப்பு. 2002ல் வந்த 'மேஜிக் ஆன்லைன்' அப்படியல்ல. கணினியே நடுவர். கேட்கச் சுலபம். செய்து பாருங்கள்! ஒவ்வொரு கார்டும் "எனக்கு மட்டும் இந்த விதி வேறு" என்று சொல்லிக்கொண்டு வரும். அப்படி ஆயிரக்கணக்கான கார்டுகள் ஒன்றோடு ஒன்று மோதும்போது என்ன நடக்க வேண்டும் என்பதையெல்லாம் நிரலாக எழுத வேண்டும். அதோடு, எதிராளி கையில் உள்ளது என் கருவிக்கே வந்து சேராதபடி மறைத்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் கெட்டிக்காரப் பையன் தோண்டி எடுத்துவிடுவான்.

இதில் நன்மை உண்டு. கலைத்துப் போடுவதில் கள்ளம் இல்லை. பெரிய பையன் சின்னப் பையனை மிரட்டி விதியை மாற்ற முடியாது. இரவு ஏழு மணிக்கும் எதிரே ஆள் கிடைக்கும்.

நான் உங்களிடம் சொல்ல வந்தது இனிமேல்தான். அந்தக் காலத்து மேஜிக் ஆன்லைனில் கார்டை மற்றவரோடு மாற்றிக்கொள்ளலாம். ஒரு தொகுதியை முழுதாகச் சேர்த்துவிட்டால், கட்டணம் கட்டி அதை அசல் அட்டையாகவே தபாலில் வாங்கிக்கொள்ளவும் வழி வைத்திருந்தார்கள். போக்கிமோன் கார்டு 2011ல் இணையத்துக்கு வந்தது. அந்தச் செயலியிலும் மாற்றல் இருந்தது. பாக்கெட்டுக்குள் ஒரு குறியீட்டுக் கார்டு இருக்கும். அந்த எண்ணைப் பதிந்தால் கணினியிலும் ஒரு பாக்கெட் கிடைக்கும். 2023 ஜூனில் அந்தச் செயலியை மூடிவிட்டு, 'போக்கிமோன் டிசிஜி லைவ்' என்ற புதியதைத் திறந்தார்கள். இதில் மாற்றல் இல்லை. மிகுதியான கார்டு புள்ளியாகிவிடும். புள்ளியைக் கொடுத்து வேண்டிய கார்டை ஆக்கிக்கொள்ள வேண்டியதுதான். 2024 அக்டோபரில் 'போக்கிமோன் டிசிஜி பாக்கெட்' வந்தது. அதிலும் தொடக்கத்தில் மாற்றல் கிடையாது. 2025 ஜனவரியில் கொண்டுவந்தார்கள், ஆனால் ஆயிரம் கட்டுப்பாடு. ஆடுகிறவர்களே முணுமுணுத்தார்கள்.

ஏன் மாற்றலை எடுத்தார்கள்? ஏமாற்றும் திருட்டும் நடக்கும் என்பது ஒரு காரணம். மாற்றிக்கொள்ள முடியாதவன் இன்னொரு பாக்கெட் பிரிப்பான் என்பது இன்னொரு காரணம். இரண்டிலும் உண்மை இருக்கிறது என்பதே என் எண்ணம். நிறுவனங்களை நான் குறை சொல்ல வரவில்லை. ஆனால் நம் பிள்ளைக்கு என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும்.

கையில் உள்ள கார்டைத் தம்பிக்குக் கொடுக்கலாம். பிறந்தநாளுக்குச் சிநேகிதனுக்குக் கொடுக்கலாம். ஏமாந்து மாற்றிவிட்டால் மறுநாள் போய்ச் சண்டை போட்டுத் திரும்ப வாங்கலாம். (அந்தச் சண்டைகளைத் தீர்த்து வைத்தே எனக்குப் பாதி தலை நரைத்துவிட்டது.) கைப்பேசியில் உள்ள கார்டுக்கு இவை பெரும்பாலும் இல்லை. அது கடன் வாங்கிய பொருள் மாதிரி. பேசிப் பழகி வாங்குவது போய், பாக்கெட் பிரிப்பதே ஆட்டமாகிவிடுகிறது.

பெரியவர்களுக்குத் திக்காம் நினைவிருக்கும். மளிகைக்கடை வாசலில் ஒரு பலகை தொங்கும். ஐந்து காசு, பத்துக் காசு கொடுத்துச் சின்னத் தாளைக் கிழித்துப் பிரித்தால் எண் வரும். அதற்குப் பொம்மையோ மிட்டாயோ. ஆனால் ஒன்று கவனியுங்கள். பரிசெல்லாம் பலகையில் கண்ணுக்கு நேரே தொங்கும். துப்பாக்கிப் பொம்மை போய்விட்டால் ஒரு பையனும் அந்தப் பலகைப் பக்கம் போக மாட்டான். கைப்பேசித் திக்காமில் தாள் தீர்வதே இல்லை. நூறு பிரித்தாலும் நூற்றியொன்றாவதுக்கு வாய்ப்பு பொதுவாக அதேதான். சீனாவில் 2017 முதல் இத்தகைய ஆட்டங்களின் வாய்ப்பு விகிதத்தை வெளியிட வேண்டும் என்று விதித்தார்கள். பெல்ஜியத்தில் 2018ல், காசு கொடுத்துப் பிரிக்கும் சிலவகைப் பெட்டிகளைச் சூதாட்டம் என்றே சொல்லிவிட்டார்கள்.

இப்போது என் தவற்றைச் சொல்கிறேன். குறியீட்டுக் கார்டைப் பிள்ளைகள் குப்பையில் போடுவதைப் பார்த்து, "போடாதீங்கடா, கைப்பேசியில பதிஞ்சு ஆடலாம்" என்று வழி காட்டியவன் நான்தான். நல்ல எண்ணத்தில்தான் செய்தேன். ஒரு பையன் அதிலிருந்து வேறொரு கார்டு விளையாட்டுக்குத் தாவிவிட்டான். அப்பாவின் கைப்பேசி, ரகசிய எண்ணும் அவனுக்குத் தெரியும். இரண்டு இரவில் 183 வெள்ளி போய்விட்டது. செம்பனைக் குலை அறுக்கிற மனிதருக்கு அது எத்தனை நாள் வெயில் என்று இந்தச் சபைக்கு நான் சொல்லத் தேவையில்லை.

அவர் பள்ளிக்கு வந்தார். சத்தம் போடவில்லை. "வாத்தியார் சொன்னாருன்னு சொன்னான் சார், அதான் நானும் வாங்கிக் கொடுத்தேன்" என்றார். சத்தம் போட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். கணக்கு விவரத்தோடு நிறுவனத்துக்கு இருவரும் சேர்ந்து எழுதினோம். கொஞ்சம் திரும்பி வந்தது, முழுதும் வரவில்லை. மகனின் கார்டுகளை எல்லாம் அவர் பறித்து அலமாரிக்கு மேல் வைத்துவிட்டார். பையன் மூன்று வாரம் வெள்ளிக்கிழமை மேசைக்கு வரவில்லை. அட்டை தந்த குற்றம் அல்ல அது. ஆனால் அட்டைதானே கண்ணுக்குத் தெரிந்தது?

அந்தச் சமயத்தில்தான் இன்னொரு வழி கண்ணில் பட்டது. 2020ல் கிருமித்தொற்றால் உலகமே கதவடைத்திருந்தபோது, மேஜிக் ஆடுகிறவர்கள் கேமராவைத் தங்கள் சொந்த மேசைக்கு நேரே திருப்பி, அசல் அட்டையை வைத்து வெவ்வேறு ஊரிலிருந்து ஆடினார்கள். அதற்கென்று 'ஸ்பெல்டேபிள்' என்ற வசதியும் அந்த ஆண்டில் வந்தது. பிறகு விசர்ட்ஸ் நிறுவனமே அதைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. யோசித்தேன். இதற்குச் செயலியும் வேண்டாம், பாக்கெட்டும் வேண்டாம். வாட்ஸ்அப் போதும்.

நம் தோட்டத்திலிருந்து பத்து பிரண்டாம் பக்கம் குடிபோன ஒரு மாணவன் இருக்கிறான். அவன் பெயரைச் சொன்னால் நம் பிள்ளைகள் இன்னும் "எங்க ஆளு" என்பார்கள். அவன் அம்மாவிடம் பேசினேன். முதல் சனிக்கிழமை கைப்பேசியை நிறுத்தி வைக்க முடியாமல் தவித்தோம். கார்டு தெரியும்படி கீழ்நோக்கிப் பார்க்க வேண்டுமே! கடைசியில் இரண்டு மைலோ டின், நடுவில் ஓர் அடிக்கோல், அதன்மேல் கைப்பேசி. லைன் கோயில் மேட்டில்தான் நன்றாகக் கிடைக்கும் என்பதால் மேசையையும் அங்கேயே தூக்கிப் போனோம். கேமரா கார்டின் சின்ன எழுத்தைக் காட்டாது. ஆகவே ஒவ்வொரு கார்டையும் உரக்க வாசித்து, "இதுக்கு அர்த்தம் இது" என்று தமிழில் விளக்க வேண்டியிருந்தது. நான் வகுப்பில் கெஞ்சியும் வாய் திறக்காத பையன் அன்று முக்கால் மணி நேரம் ஆங்கிலம் வாசித்தான். எதிராளி கைக்கார்டு நிசமாகவே ஏழுதானா என்று பார்க்க வழியில்லை, நம்பித்தான் ஆடினார்கள். இருவரும் மாற்றிக்கொள்ள ஒப்புக்கொண்ட ஒரு கார்டை உறையில் போட்டு என் கையில் கொடுத்தார்கள். அஞ்சல்காரன் நான்தான்.

அந்த அப்பா அன்று பெரட்டு முடிந்து போகும் வழியில் கோயில் மேட்டில் வண்டியை நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த வாரம் கட்டு அலமாரியிலிருந்து இறங்கிவிட்டது.

சங்கத்தாரிடம் என் விண்ணப்பம் இதுதான். வெள்ளிக்கிழமை மேசையை விட்டுவையுங்கள். காசுக்கு ஆட விடமாட்டேன். மாற்றல் என் முன்னால்தான் நடக்கும். பத்து வெள்ளிக்கு மேல் விலைபோகிற கார்டைப் பெற்றோர் சம்மதம் இல்லாமல் மாற்றக்கூடாது. கைப்பேசி ஆட்டத்துக்கு வழிகாட்டும் வேலையை நான் விட்டுவிட்டேன். வீட்டில் பிள்ளை ஆடினால், காசு கட்டும் ரகசிய எண்ணை மாற்றி, நீங்கள் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மாற்றத் தெரியாதவர்கள் விழா முடிந்ததும் கைப்பேசியோடு என்னிடம் வாருங்கள், இரண்டு நிமிட வேலை. தயங்க வேண்டாம், சென்ற மாதம் எனக்கே ஆறாம் ஆண்டுப் பெண் ஒருத்திதான் சொல்லிக் கொடுத்தாள்.

வரும் சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கோயில் மேட்டில் ஆட்டம் இருக்கிறது. அன்று கேள்வி கேட்ட அம்மாவும் வரவேண்டும். ஆட்டம் தெரிய வேண்டியதில்லை. மைலோ டின்னைப் பிடித்துக்கொள்ள ஆள் தேவைப்படுகிறது.