ஐயத்தின் வழியே விசுவாசம்

(யூபிலி விழாவில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



மகிழ்ச்சியான இந்த நாளில் நம்முடைய தவறு ஒன்றை உங்கள் முன் சொல்ல விரும்புகிறோம். இளம் குருவாக வேறொரு பங்கில் இருந்தபோது, ஞானோபதேச வகுப்பில் ஒரு சிறுவன் எழுந்து, "சாமி, எல்லோரும் அழுது ஜெபித்தோமே, அப்பா ஏன் செத்துப்போனார்?" என்று கேட்டான். "விசுவாசம் உள்ளவன் இப்படிக் கேட்கமாட்டான், உட்கார்" என்றோம். உட்கார்ந்தான். அடுத்த ஞாயிறு வரவில்லை, பிறகும் வரவில்லை. அவனுக்குச் சொல்ல நம்மிடம் பதில் இல்லை. அதை மறைக்கவே அதட்டினோம்.

இதே கேள்வியை நம் மண்ணில் வேறொருவரும் கேட்டார். 1712-இல் நட்டாலத்தில் பிறந்த நீலகண்டப் பிள்ளை, திருவிதாங்கூர் அரசில் அலுவல் பார்த்தவர். அடுத்தடுத்து வந்த இழப்புகளால் மனமுடைந்து, தமக்கு ஏன் இந்தத் துன்பம் என்று கலங்கினார். 1741-இல் குளச்சல் போரில் சிறைப்பட்டு, பின் அதே அரசின் படைக்குப் பயிற்சியளித்த, முன்பு டச்சுக் கம்பெனிப் படையில் இருந்த டிலனாய் அவருக்கு நண்பர். அவர் நண்பரை அதட்டவில்லை. யோபுவின் சரித்திரத்தைச் சொன்னார்.

யோபு ஆகமத்தைக் கவனித்துப் படியுங்கள். எல்லாம் தெரிந்தவர்களைப் போல் பேசியவர்கள் யோபுவின் நண்பர்கள். கேள்வி கேட்டவர் யோபு. முடிவில் கடவுள் கோபித்துக்கொண்டது அந்த நண்பர்களைத்தான்!

நீலகண்டப் பிள்ளை கேட்டார், கற்றார், தாமே தீர்மானித்தார். 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். சாதி வேற்றுமை பாராமல் எல்லோரோடும் பழகினார். 1749-இல் கைதானார், வதைக்கப்பட்டார், 1752-இல் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. தமக்கு ஏன் இழப்பு வந்தது என்பதற்கு யோபுவுக்குக் கணக்கு கிடைக்கவில்லை. யாரை நம்பலாம் என்பது கிடைத்தது. தேவசகாயத்துக்கும் அப்படியே. அறிவு வேறு, உறுதி வேறு.

பெற்றோர் தந்த விசுவாசம் தகப்பன் சட்டையைப் போன்றது. பிள்ளை அதற்குள் வளர வேண்டும். அப்போதுதான் அது அவனுடையதாகும். தொழிற்சாலையில் வேலை செய்யும் நீங்கள் ஓர் உருப்படியை அளந்து பார்க்காமல் அனுப்புவீர்களா? அளப்பவன் அதற்குப் பகைவன் அல்லவே! ஆனால் நாள் முழுதும் அளந்துகொண்டே இருப்பவன் வேலையை முடிப்பதுமில்லை. கேட்பதற்கு ஒரு காலம், துணிந்து அடியெடுத்து வைப்பதற்கு ஒரு காலம். இரண்டும் சேர்ந்தே ஒருவனைத் தனி மனிதனாக்குகின்றன. இல்லாவிட்டால் கூட்டத்தில் ஒரு தலையாகவே இருப்பான்.

பரங்கிமலையிலும் சாந்தோமிலும் நாம் வணங்கும் தோமையாரும் ஐயுற்றவர்தான். ஆண்டவர் அவரை வெளியே போகச் சொல்லவில்லை. தம் காயங்களைத் தொட அழைத்தார்.

ஆகவே பெற்றோரே, இரவுச் சாப்பாட்டின்போது பிள்ளை கேள்வி கேட்டால் வாயை அடைக்காதீர்கள். தெரிந்தால் சொல்லுங்கள். தெரியாவிட்டால், "எனக்கும் தெரியவில்லை, சேர்ந்து தேடுவோம்" என்று சொல்லுங்கள். அப்படிச் சொல்வதால் உங்கள் மதிப்பு குறையாது.

அந்தச் சிறுவன் இன்று தானே ஒரு தகப்பனாக இருக்கலாம். எங்கிருந்தாலும் அவன் நம்மை மன்னிப்பானாக. அவன் கேள்வி இன்றும் நம்மோடு இருக்கிறது. அதோடுதான் தினமும் பீடம் ஏறுகிறோம்.

ஆண்டவர் உங்கள் குடும்பங்களை ஆசீர்வதிப்பாராக.